தூத்துக்குடிக் கரையைத் தாங்குவது எது?

கேள்வி இது: "ஸ்டெர்லைட்டை மூடியதும் தூத்துக்குடி படுத்துவிட்டது என்கிறார்கள். வின்ஃபாஸ்ட் வந்ததும் எழுந்துவிட்டது என்கிறார்கள். உண்மையில் அந்தக் கரையோரப் பகுதியைத் தாங்கிப் பிடிப்பது எந்தத் தொழில்?"

ஒன்று 2018-இல் மூடிய செம்பு ஆலை, மற்றது வியட்நாம் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை. இரண்டுமே செய்தித் தலைப்புக்கு நன்றாக இருக்கும். ஊர் அப்படிப் படுக்கவும் இல்லை, அப்படி எழுந்துவிடவும் இல்லை. வடக்கே வேம்பாரில் தொடங்கித் தெற்கே பெரியதாழை வரை போகும் இந்தக் கரையில் இதுதான் தூண் என்று ஒரு தொழிலைக் கைகாட்ட முடியாது. ஆனால் எல்லாத் தொழிலுக்கும் அடியில் கிடக்கும் ஒரு காரணத்தைக் கைகாட்டலாம். இங்கே மழை கிடையாது, அதுதான்.

தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடம் இருந்ததையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வரும்போது வெறும் காற்றாக வருகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொடுப்பதுதான் வருஷக் கணக்கு. மொத்தம் சேர்த்து 650 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். தமிழ்நாட்டின் சராசரியே 900-க்கு மேல். விவசாயிக்கு இது சாபக்கேடு. உப்பளக்காரருக்கு இதுதான் முதலீடு. பயிர் ஏறாத உவர் நிலம் மலிவாகக் கிடைத்ததால் ரசாயன ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் இங்கே வந்தன. வானம் பார்த்த பூமியில் வருஷம் முழுக்க வேலை இல்லாததால் கூலிக்கு ஆளும் கிடைத்தது. எதிரே இலங்கை மறித்து நிற்பதால் பெரும்புயல் நேராக வந்து மோதுவதும் குறைவு. இந்த வறட்சியை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொழிலாகப் பார்த்தால், ஏன் இங்கே, ஏன் இப்படி என்பது தானாக விளங்கும்.

முதலில் உப்பு. இந்தியாவின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்தில் விளைகிறது. அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்துடையது. வேம்பார், வைப்பார், வேப்பலோடை, தருவைகுளம், முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி என்று சுமார் 25,000 ஏக்கரில் அளங்கள் பரந்து கிடக்கின்றன. வெயில் நன்றாக அடித்த ஆண்டில் 25 லட்சம் டன் வரை விளையும்.

கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டிக் காயவிட்டால் உப்பு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. வரும், ஆனால் வாயில் வைக்க முடியாது. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே கணக்கில் கடல் நீர் மூன்று, மூன்றரை டிகிரி. அது வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போதுதான் சமையல் உப்பு படியத் தொடங்குகிறது. அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். ஆகவே பெரிய தேக்கங்களில் தண்ணீரைக் கட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி விட்டு, சரியான டிகிரியில் பாத்திக்குள் விட்டு, சரியான நேரத்தில் மிச்சத் தண்ணீரை வெளியேற்றுவதுதான் தொழில் நுணுக்கம். இங்கே பல அளங்களில் கடல் நீரைவிட அடர்த்தி கூடிய நிலத்தடி உவர்நீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கிறார்கள். சுண்ட வேண்டிய தண்ணீர் குறைவு என்பதால் உப்பு சீக்கிரம் விளையும். ஆனால் மோட்டாருக்கு ஆகும் மின்கட்டணம் அந்த லாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

தை பிறந்ததும் அளத்து வேலை தொடங்கும். மழையில் கரைந்த வரப்புகளை எடுத்துக் கட்ட வேண்டும், சேற்றை வழிக்க வேண்டும், பாத்தியின் தரையை ஆட்கள் வரிசையாக நின்று மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் தண்ணீர் கீழே இறங்கும், உப்பில் மண் சேரும். அதன்பிறகு வாரிப் பலகையால் உப்பை வாரி ஒதுக்கி, கூடையில் சுமந்துபோய் அம்பாரமாகக் குவிப்பார்கள். முன்பெல்லாம் அம்பாரத்தைப் பனையோலை போட்டு மூடினார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட். சித்திரையிலிருந்து ஆவணி வரை நல்ல விளைச்சல் காலம். நடுவில் ஒரு மணி நேரம் கோடை மழை பெய்தால் போதும், பாத்தியில் கிடந்ததெல்லாம் கரைந்து, திரும்ப அடர்த்தி ஏற்ற ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிடும். ஊரே மழைக்கு ஏங்கும்போது அளத்துக்காரர் மட்டும் வானத்தைப் பார்த்துப் பயப்படுவார்.

இந்தத் தொழிலில் 30,000 பேர் வரை வேலை செய்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பெருமளவில் பெண்கள். விடிவதற்கு முன்பே இறங்கி வெயில் ஏறுவதற்குள் வாரி முடிப்பதுதான் வழக்கம். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உப்புத் தண்ணீரிலேயே நிற்பதால் காலில் வெடிப்பும் புண்ணும் ஆறுவதில்லை. மழைக்காலம் வந்தால் மூன்று மாதம் வேலையே கிடையாது. மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் கொடுப்பதுபோல உப்பளத் தொழிலாளர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று நீண்ட காலம் கேட்டார்கள். 2022 முதல் மழைக்கால நிவாரணமாக மாநில அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு 5,000 என்றால் மாதத்துக்கு என்ன என்று நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.

அளத்தில் கிலோவுக்கு ஓரிரு ரூபாயிலிருந்து சில ரூபாய் வரை போகும் உப்பு, கடையில் பாக்கெட்டாக வரும்போது பல மடங்கு விலை. அந்த இடைவெளி அரைப்பவர், அயோடின் சேர்ப்பவர், பாக்கெட் போடுபவர், பிராண்டு வைத்திருப்பவர் ஆகியோருக்குப் போகிறது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்க 2006 முதல் தடை இருப்பதால், சிறு அளத்துக்காரர் நேராகக் கடைக்கு விற்கும் வழியும் அடைபட்டது. குஜராத்தில் அளங்கள் பெரியவை, இயந்திரம் வைத்து வாருகிறார்கள். இங்கே பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது, கையால் வாருகிறார்கள். விலைப் போட்டியில் கேரளா, கர்நாடகம், ஆந்திரம் போன்ற அண்டைச் சந்தைகள்தான் தூத்துக்குடியைக் காப்பாற்றுகின்றன. தூரத்தின் லாரி வாடகை குஜராத் உப்பை அங்கே கொஞ்சம் தடுத்து நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

உப்பின் இன்னொரு வாழ்க்கை சாப்பாட்டோடு சம்பந்தமில்லாதது. ஆறுமுகநேரி பக்கத்தில் சாகுபுரத்தில் 1950களின் இறுதியில் வந்த டிசிடபிள்யூ ஆலை உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கிறது. அதில் பிறக்கும் குளோரின் பிவிசி பிளாஸ்டிக் பக்கம் போகிறது. ஸ்பிக் உர ஆலை வளாகத்தை ஒட்டிய தூத்துக்குடி ஆல்கலி நிறுவனம் உப்பையும் அம்மோனியாவையும் கார்பன் டைஆக்சைடையும் சேர்த்துச் சோடா சாம்பலும் அம்மோனியம் குளோரைடு உரமும் செய்கிறது. 2016 வாக்கில் அவர்கள் தங்கள் கொதிகலன் புகையிலிருந்தே கார்பன் டைஆக்சைடைப் பிடித்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள், ஆண்டுக்கு 60,000 டன் திறன் என்று அறிவித்தார்கள். அரசு மானியம் இல்லாமல் நடந்ததால் உலகப் பத்திரிகைகளே வந்து எழுதின. நம் ஊரில் அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 1975-இல் உற்பத்தி தொடங்கிய ஸ்பிக் யூரியா ஆலை நாஃப்தா என்ற பெட்ரோலியப் பொருளை நம்பி இருந்தது. அதன் விலை ஏறியபோது ஆலை சில ஆண்டுகள் நின்றே போனது. இப்போது ராமநாதபுரம் பக்கத்து இயற்கை எரிவாயு குழாய் வழியாக வருகிறது.

அடுத்தது துறைமுகம். பணக்கணக்கில் பார்த்தால் இதுதான் முதலில் வர வேண்டும்.

இந்த இடத்துக் கடல் ஆழம் குறைந்தது. பழைய காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கி வரும். முத்து, துணி, பருத்தி, நிலாவரை இலை என்று போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இப்படித்தான் எடுத்துப்போனார்கள். 1876-இல் ரயில் வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இங்கே கப்பல் ஏறிக் கொழும்பு போவதுதான் அன்றைய வழி, 1914-இல் பாம்பன் பாலம் வரும் வரை. அந்தக் கொழும்புப் பாதையில் ஆங்கிலேயக் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்கத்தான் வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் இங்கே கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் அவரும் சுப்பிரமணிய சிவாவும் நடத்தினார்கள். வணிகத்தையும் தொழிற்சங்கத்தையும் ஒரே ஆள் கையில் எடுத்ததுதான் அதில் விசேஷம்.

ஆழ்கடல் துறைமுகம் பிறகு செயற்கையாகக் கட்டப்பட்டது. கடலுக்குள் நாலு கிலோமீட்டர் அளவுக்குக் கல்லைக் கொட்டி இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பி, நடுவில் ஆழப்படுத்தினார்கள். 1974 ஜூலை 11-இல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. வ.உ.சி. பெயர் 2011-இல் வந்தது. இன்று ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் கையாளுகிறது. திருப்பூர்ப் பனியன், கரூர்ப் படுக்கை விரிப்பு, மதுரைக் கிரானைட், காற்றாலை இறக்கைகள், கடல் உணவு எல்லாம் இங்கிருந்து போகின்றன. வருவதில் முதலிடம் நிலக்கரிக்கு. அப்புறம் முந்திரிக் கொட்டை, மரத்தடி, உரத்துக்கான ராக் பாஸ்பேட் போன்றவை.

கன்டெய்னர்களில் பெரும்பகுதி நேராகப் போக வேண்டிய நாட்டுக்குப் போவதில்லை. சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. இந்த இடமாற்றச் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழுகிறது. வெளித்துறைமுகம் கட்டிப் பெரிய கப்பலை இங்கேயே வரவழைப்போம் என்பது நீண்ட காலத் திட்டம். 2005-இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டமும் பாதியில் நின்றுவிட்டது. இதற்கிடையில் கேரளத்தின் விழிஞ்ஞம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டுவிட்டது. அங்கே கரையோரத்திலேயே இயற்கையான ஆழம் இருக்கிறது, சர்வதேசக் கப்பல் பாதையும் பக்கம். இனி கொழும்போடு மட்டுமல்ல, விழிஞ்ஞத்தோடும் போட்டி. என் கணிப்பில் தூத்துக்குடிக்குக் கைகொடுக்கப்போவது ஆழம் அல்ல, பின்னால் இருக்கும் கொங்கு நாட்டுத் தொழிற்சாலைகளும் அங்கிருந்து வரும் நாலுவழிச் சாலையும்தான். விழிஞ்ஞத்துக்குப் பின்னால் அப்படி ஒரு தொழில் வட்டாரம் இல்லை.

துறைமுகம் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்று பார்க்கும்போது, துறைமுகச் சம்பளப் பட்டியலை மட்டும் பார்க்கக்கூடாது. கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள், கன்டெய்னர் கிடங்குகள், லாரி ஷெட்டுகள், டயர்க் கடை, எடைமேடை, பரோட்டாக் கடை என்று மதுரைச் சாலையிலும் துறைமுகச் சாலையிலும் நீளும் ஒரு முழு உலகம் அதைச் சார்ந்தது. ஊரில் பி.காம். முடித்த பையன் முதலில் போய் நிற்கும் இடம் ஒரு ஷிப்பிங் அலுவலகமாகத்தான் இருக்கும். இந்தத் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த ஒரு விநோதமான ஏற்றுமதி உலர்பூ. காய்ந்த பூ, இலை, விதை, குச்சி என்று சேகரித்து, சாயம் ஏற்றி, வாசனை சேர்த்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறார்கள். ஈரப்பதம் குறைந்த ஊர் என்பது அதற்கும் வசதி.

பழைய துறைமுகத்தில் தோணிகள் இன்னும் இருக்கின்றன. பெரிய கப்பல் கரைக்கே வந்த பிறகு ஏற்றி இறக்கும் வேலை போய்விட்டது. அவை வேறு பிழைப்பு தேடின. மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறி, சிமென்ட், ஜல்லி, செங்கல் என்று கொண்டுபோகின்றன. பெரிய கப்பல் உள்ளே போக முடியாத ஆழமற்ற தீவுத்துறைகளில் தோணி போய் நிற்கும், அதுதான் அவற்றின் பலம். மரத்தோணி கட்டும் ஆசாரிகளும் இந்த ஊரில் உண்டு. வரைபடம் இல்லாமல் கண் அளவில் கட்டும் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது.

துறைமுகத்துக்கு வரும் நிலக்கரியில் ஒரு பகுதி பக்கத்திலேயே எரிகிறது. அரசின் அனல்மின் நிலையம் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள், முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. அதன் அருகே என்எல்சியின் கூட்டு நிறுவனம் 500 மெகாவாட் வீதம் இரண்டு. தனியார் நிலையங்கள் வேறு. உடன்குடியில் 660 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள் கொண்ட திட்டம் தனியே. குளிரூட்டக் கடல்நீர், எரிக்கக் கப்பலில் வரும் கரி, சாம்பலைக் கொட்ட உவர்நிலம் என்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால்தான் இத்தனை நிலையங்கள். காற்று திரும்பினால் சாம்பலும் கரித்தூசியும் அளத்து உப்பில் படிகிறது என்ற முறையீடும் அந்த நிலையங்கள் அளவுக்குப் பழையது.

மீன்பிடிக்கு வருவோம். இங்கே மூன்று உலகங்கள் இருக்கின்றன. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகள் விடியற்காலை போய் இரவே திரும்பிவிட வேண்டும், தங்கி மீன்பிடிக்க அனுமதி இல்லை. திரேஸ்புரத்து நாட்டுப் படகுகளுக்குத் தனிக் கரை, தனி ஏலம். வடக்கே தருவைகுளத்துக்காரர்கள் இழுவை மடி பயன்படுத்தாமல் செவுள்வலையும் தூண்டிலும் கொண்டு, பல நாள் தங்கி ஆழ்கடல் வரை போவார்கள். சூரை பிடிக்க அவ்வளவு தூரம் போவதன் ஆபத்தும் உண்டு. 2023 அக்டோபரில் தருவைகுளம் படகு ஒன்றை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்து வைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே கடலுக்குப் போவதில்லை. கரையோரப் பரதவர் பெரும்பாலும் கத்தோலிக்கர், 1530களில் போர்த்துக்கீசியர் காலத்தில் மதம் மாறியவர்கள். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் திரேஸ்புரம் ஏலக்கூடம் நிரம்பி வழியும். மறுநாள் கறிக்கடைக்குப் போட்டியாக மீன் வேண்டும் என்று உள்ளூர் வியாபாரிகளும் கேரள வண்டிக்காரர்களும் கூடுவார்கள். சீலா, விளமீன், ஊளி, பாறை என்று குவித்துப் போட்டு ஏலம் கூறுவார்கள். கணவாயும் நண்டும் இறாலும் அந்தக் கூட்டத்தில் நிற்காது, கம்பெனிக்குப் போய்விடும். பெட்டியில் ஐஸ் போட்டு நேராகப் பதப்படுத்தும் ஆலை, அங்கே சுத்தம் செய்து தரம் பிரிப்பவர்கள் பெண்கள். அந்த இறால் அமெரிக்கத் தட்டுக்குப் போவதால் அங்கே யாரோ எடுக்கும் முடிவு இங்கே ஏலத்தில் கேட்கும். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அதுதான் நடந்தது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். மீன் பெருகத்தான் இந்தத் தடை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 61 நாள் ஓய்வெடுத்த கடலில் அடுத்த நாளே எல்லா இழுவைப் படகும் ஒன்றாக இறங்கி அரித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று நாட்டுப் படகுக்காரர்கள் கேட்பதும் நியாயம்தான்.

இந்தக் கடல் எப்படித் தீரும் என்பதற்கு முத்தைவிட நல்ல உதாரணம் வேண்டாம். சங்ககாலத்திலிருந்து கொற்கை முத்து என்று பேசப்பட்ட கரை இது. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதன்பிறகு சிப்பிப் பார்கள், அதாவது கடலடியில் சிப்பி வளரும் திட்டுகள், தேறவே இல்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. விஞ்ஞானம் வென்றது, தொழிலாக அது இங்கே நிலைக்கவில்லை. முத்துக்குளித்த கைகள் சங்கு குளிக்கப் போயின. அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய்த் திருமணமான பெண்களின் வளையலாகிறது. பவளப்பாறைக்கு நேர்ந்தது இன்னும் மோசம். சுண்ணாம்புக்காகவும் கால்சியம் கார்பைடு ஆலைக்காகவும் ஆண்டாண்டாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தும், பவளத்துக்கு முழுச் சட்டப் பாதுகாப்பு வந்தது 2001-இல்தான். ஊருக்கு எதிரே இருக்கும் வான் தீவு கரைந்துகொண்டே போக, அதைச் சுற்றிக் கடலடியில் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். வெட்டியபோது கிடைத்த காசைவிடக் கூடுதலாக இப்போது செலவாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கடற்கரை மணலிலும் ஒரு தொழில் இருந்தது. இல்மனைட், கார்னெட், சிர்கான் எடுத்தார்கள். 2013-இல் இந்த மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வுக்குப் பிறகு மாநில அரசு தனியார் தாது மணல் அள்ளுவதை நிறுத்தியது.

சரி, ஸ்டெர்லைட். 1990களின் பாதியில் வந்தது, கடைசியில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு உற்பத்தித் திறன், நாட்டின் செம்புத் தேவையில் பெரும்பங்கு. 2018 மே 22-இல் போராட்டத்தின்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு, 13 பேர் உயிரிழப்பு. ஆறு நாளில் அரசு ஆலையை மூடியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பொருளாதார அடி உண்மையானது. செம்புத் தாது கொண்டுவந்த கப்பல், அதை ஓட்டிய லாரி, ஒப்பந்தத் தொழிலாளி, அங்கிருந்து கந்தக அமிலம் வாங்கிய ஆலைகள் எல்லோருக்கும் விழுந்தது. செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. ஆனால் ஊர் படுத்ததா? துறைமுகக் கணக்கைப் பாருங்கள். 2017-18-இல் 3.66 கோடி டன், அடுத்த ஆண்டு 3.43 கோடியாக இறங்கியது, நடுவில் கொரோனா இன்னும் இறக்கியது, 2023-24-இல் 4.14 கோடி டன்னைத் தொட்டது. ஒரு பெரிய ஆலை போனால் பலத்த காயம் ஆகும். அந்தக் காயத்தோடுதான் ஊர் நடந்தது. திறக்க வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இந்த எண்ணிக்கையைத் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பலாம். நிலத்தடி நீரும் காற்றும் கெட்டதற்கான விலையைத் துறைமுகக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

தெற்கே திருச்செந்தூர், உடன்குடி பக்கம் வந்தால் சிவந்த தேரி மணலும் பனையும். உடன்குடிக் கருப்பட்டிக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனை ஏற ஆள் இல்லை. சீனி கலந்த கருப்பட்டி அசலைவிட மலிவாகச் சந்தைக்கு வருகிறது. குறியீடு வந்ததால் பனையேறிக்குக் கூலி ஏறியதாகத் தெரியவில்லை.

தண்ணீரைத் தொடாமல் இந்தக் கதை முடியாது. இத்தனை ஆலைக்கும் ஊருக்கும் வாழைக்கும் நெல்லுக்கும் ஒரே ஒரு தாமிரபரணி. அதன் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். தொழிற்சாலைகளுக்காக அங்கிருந்து குழாய் போட்ட காலத்திலிருந்து விவசாயிகளுக்கும் ஆலைகளுக்கும் வழக்கு, போராட்டம், பேச்சுவார்த்தை என்று நடக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக ஓடுகிறது. தண்ணீர் இல்லாத ஊரில் 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒன்றரை ஆண்டு மழை ஒரு நாளில். அம்பாரத்தில் விற்காமல் கிடந்த உப்பு கரைந்தது, அளங்கள் சேறாயின, பாலங்கள் போயின, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்றது. வறட்சியை நம்பிக் கட்டிய தொழில்களுக்கு இப்படி ஒரு மழை எந்தக் கணக்கிலும் இல்லை. உப்பளத்துக்குப் பயிர்க் காப்பீடு போன்ற ஏற்பாடு வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

புதியவை. வின்ஃபாஸ்ட் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4-இல் ஆலையைத் திறந்தது. சிலாநத்தம் சிப்காட் தொழிற்பேட்டையில் 400 ஏக்கர், முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள். தொடக்கத்தில் வியட்நாமிலிருந்து வரும் பாகங்களைப் பொருத்துவதுதான் பெரும் வேலை. உள்ளூர் உதிரிபாகப் பட்டறைகள் வந்து ஒட்டிக்கொண்டால்தான் மாவட்டத்துக்கு உண்மையான பலன். ஸ்ரீபெரும்புதூரில் அது நடக்கப் பல ஆண்டுகள் பிடித்தது, இங்கும் அவ்வளவு சீக்கிரம் நடக்காது. பசுமை ஹைட்ரஜன் பெயரில் நிறைய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருக்கின்றன. ஹைட்ரஜனைத் தண்ணீரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கோடிகளைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து என்ற வரியை நான் தேடுவேன்.

நேரடியாகக் கேட்டால் என் பதில்: பணத்தைக் கொண்டுவருவது துறைமுகமும் அதை ஒட்டிய ரசாயன, மின் ஆலைகளும். ஆட்களுக்கு வேலை கொடுப்பது உப்பும் மீனும் லாரியும். இந்த இரண்டும் ஒரே ஆட்கள் கையில் இல்லை.

அப்புறம், பலர் கேட்கும் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28-இல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, 2,000 ஏக்கருக்கு மேல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசையில் ஏவினால் இலங்கையைத் தவிர்க்க ராக்கெட் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேராகத் தெற்கே போகலாம், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய மிச்சம். அதனால் உள்ளூரில் உடனே ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏவுதளம் ஆட்கள் குறைந்த தொழில். அதைச் சுற்றி உதிரிபாகத் தொழில் பூங்கா எந்த அளவு வளர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏவும் நாட்களில் கடலுக்குள் படகு போக முடியாது. மணப்பாடு, ஆலந்தலை, பெரியதாழைப் படகுகளுக்கு ஆண்டில் அப்படி எத்தனை நாள் போகும், அந்த நாளுக்கு யார் என்ன கொடுப்பார்கள் என்பதை முதல் ராக்கெட் போவதற்கு முன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.